ஊகமும் உண்டியலும்

பெக்கான் நானாசில் வாழ்பவர்களுக்கு ஊகம் செய்யக் கற்றுக்கொடுக்க வேண்டுவதில்லை. ஊரின் பெயருக்கே அன்னாசி நகரம் என்பதுதான் பொருள். பொந்தியான் மாவட்டத்தின் கறுத்த சதுப்பு மண்ணில் அன்னாசிக் கன்றை ஊன்றியவர், அது காய்த்துக் கனிய ஓராண்டு, சில வேளைகளில் அதற்கு மேலும், காத்திருக்க வேண்டும். களை பறிப்பதும் உரமிடுவதும் போக அந்த இடைக்காலத்தில் அவருக்கு எஞ்சும் தொழில் ஊகம் ஒன்றே. அறுவடையின்போது விலை நிற்குமா, சரியுமா? மழை முந்துமா, பிந்துமா? வாங்க வருபவர் பழத்தை எண்ணி எடுப்பாரா, நிறுத்து எடுப்பாரா? தேநீர்க் கடை மேசைகளில் இவை நாள்தோறும் அலசப்படுகின்றன.

இவ்வூரின் இளையோரிடையே ஏறத்தாழ அதே முறையில் நடைபெறும் மற்றோர் ஊகத்தைப் பற்றி எழுதவே இங்குப் புகுந்தேன். மாலைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்கள் சிலர் உடனே வீட்டுக்குப் போவதில்லை. மோட்டார் சைக்கிள்களின்மீது சாய்ந்து நின்று பேசுவர். பேச்சு காற்பந்தைப் பற்றியது. ஆனால் திடலில் ஆடும் காற்பந்தன்று, திரையில் ஆடுவது. முப்பது ஆண்டுகள் ‘ஃபிஃபா’ என்னும் பெயரில் வெளிவந்து, 2023 முதல் ‘இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி’ என்று பெயர் மாறிய காணொளி விளையாட்டின் அடுத்த பதிப்பு எப்படி இருக்கும் என்பதே அவர்களுடைய ஆராய்ச்சி.

ஆராய்ச்சி என்னும் சொல்லை எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நிறுவனம் வெளியிட்ட முன்னோட்டத்தில் மூன்று நொடி வந்துபோகும் ஒரு காட்சியை அவர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்க்கின்றனர். பந்து பட்டு வலை அசையும் விதம் சென்ற ஆண்டினின்றும் மாறியுள்ளதா? பின்புலத்தில் தெரிவது எந்த நாட்டுத் திடல்? நிறுவனம் ‘ஆட்கள் தேவை’ என்று வெளியிட்ட அறிவிப்பில் இந்தத் தொழில் தெரிந்தவரைக் கேட்டிருக்கிறார்களே, அது எதற்காக? ஒருவன் ஒரு பொருள் சொல்ல, மற்றவன் மறுத்து வேறு பொருள் சொல்கிறான். மூன்றாமவன், இருவர் கூற்றும் பொருந்தா என்று சான்று காட்டுகிறான். பரிமேலழகரும் மணக்குடவரும் ஒரே குறளுக்கு வேறு வேறு உரை கண்டதை நான் விளக்கும்போது கொட்டாவி விடும் மாணவன், வாயிலுக்கு வந்ததும் தானே ஓர் உரையாசிரியனாகிவிடுகிறான். பாடம், பாடவேறுபாடு, இடைச்செருகல் எல்லாம் அங்கே உண்டு. உறுதியற்ற செய்திக்குக் ‘கசிவு’ என்று பெயர். பொய்க் கசிவை இனங்காணும் திறமும் அவர்களிடம் இருக்கிறது.

இஃது இக்காலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்ந்த பித்து என்று எண்ணுபவர்கள், தம் பாட்டன் பாட்டியரை மறந்தவர்கள். 1950-ஆம் ஆண்டு அக்டோபரில் ‘கல்கி’ இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கி, 1954-ஆம் ஆண்டு மே மாதம் முடிந்தது. மூன்றரை ஆண்டுகள் தமிழுலகம் வாரந்தோறும் ஊகித்துக்கொண்டே இருந்தது. நந்தினி யார்? ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? வந்தியத்தேவன் பிழைப்பானா? நம் நாட்டிலும் இதழ் வந்து சேரும் நாளை எண்ணிக் காத்திருந்தவர்கள் உண்டு. தொடர் முடிந்தபோது, இன்னின்னாருக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லவில்லையே என வாசகர்கள் குறைப்பட்டுக்கொள்ள, ஆசிரியர் கல்கி முடிவுரை எழுதி மறுமொழி கூற வேண்டியதாயிற்று. கரிகாலனைக் கொன்ற கை எது என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு தீரவில்லை.

அந்த ஊகத்திலும் வணிகம் இல்லாமல் இல்லை. இதழ் விற்க வேண்டும் என்பதற்காகத்தான் தொடர். அத்தியாயம் உச்சத்தில் ‘தொடரும்’ என்று நிற்பதற்கும் அதுவே காரணம். ஆயினும் இதழின் விலை அட்டையில் அச்சிடப்பட்டிருந்தது. அதனைக் கொடுத்தவருக்கு அந்த வாரத்து அத்தியாயம் முழுமையாகக் கிடைத்தது. நந்தினி வரும் பக்கங்களுக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆகவே வாசகன் கதையைப் பற்றி மட்டும் ஊகித்தான். விலையைப் பற்றி ஊகிக்க அவனுக்கு இடமே இருக்கவில்லை. இவ்வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு வருவோம்.

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 1993-ஆம் ஆண்டு டிசம்பரில் ‘ஃபிஃபா இன்டர்நேஷனல் சாக்கர்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அதில் நாட்டு அணிகள் மட்டுமே இருந்தன. ஆட்டக்காரர்களின் பெயர்கள் உண்மைப் பெயர்கள் அல்ல. அதன்பின் ஆண்டுக்கொரு பதிப்பு. இன்றைய மாணவர்களிடம் நான் சொல்லும்போது அவர்கள் நம்ப மறுக்கும் செய்தி ஒன்றுண்டு: 1990-களின் நடுவில் வந்த பதிப்புகளில் மலேசிய லீக்கும் இடம்பெற்றிருந்தது! இங்கிலாந்து, இத்தாலி, ஸ்பெயின் லீக்குகளோடு ஒரே பட்டியலில் நம் நாடும் இருந்தது. 1997-இல் வெளிவந்த ‘ஃபிஃபா 98’ இன்னும் ஒரு படி மேலே சென்றது. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றை அடியிலிருந்து ஆடிவரும் வாய்ப்பைக் கொடுத்தது. அதற்காக அனைத்துலகக் கூட்டமைப்பில் பதிவுபெற்ற 172 நாடுகளையும் சேர்த்திருந்தது. உலகக் கிண்ண இறுதிச் சுற்றை ஒருமுறையும் எட்டாத மலேசியாவை, ஒரு சிறுவன் தன் விரல் வலிமையால் பாரிஸ் நகரம் வரை கொண்டு செல்ல முடிந்தது. ‘சிலந்தி மனிதர்’ என்று நாடே போற்றிய கோல்காவலர் ஆர். ஆறுமுகம் 1988-இலேயே சாலை விபத்தில் மறைந்துவிட்டார். அவர் இன்னும் ஒரு பத்தாண்டு இருந்து ஆடியிருந்தால், அந்த நீண்ட கைகளை அவ்வாட்டத்தை வரைந்தவர்கள் எப்படி வரைந்திருப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. இதுவும் ஊகம்தான், இதற்குக் கட்டணம் இல்லை.

மற்றொரு மரபும் இருந்தது. ஜப்பானியக் கொனாமி நிறுவனத்தின் ‘வின்னிங் இலெவன்’. 1995-இல் தொடங்கிய இவ்வாட்டத்தின் பெயரைச் சொன்னால் இன்று முப்பத்தைந்தும் நாற்பதும் வயதான நம் ஆண்களின் முகம் மலர்வதைக் காணலாம். மணிக்கு இத்தனை ரிங்கிட் என்று வாடகை கொடுத்து, பிளேஸ்டேஷன் கடைகளில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடிய தலைமுறை அது. கொனாமியிடம் பல சங்கங்களின் பெயரைப் பயன்படுத்தும் உரிமை இல்லை. ஆகவே லிவர்பூல் ‘மெர்சிசைடு ரெட்’ என்றும், செல்சி ‘லண்டன் எஃப்சி’ என்றும் புனைபெயர் பூண்டு வந்தன. இரசிகர்கள் என்ன செய்தார்கள்? உண்மைப் பெயர்களையும் சட்டைகளையும் சின்னங்களையும் தாமே இரவு பகலாக வரைந்து தொகுத்து, ‘ஆப்ஷன் ஃபைல்’ என்னும் கோப்பாக ஆக்கி, உலகெங்கும் உள்ள முன்பின் அறியாத அன்பர்களுக்குக் காசு வாங்காமல் கொடுத்தார்கள். ஏடு பெயர்த்தெழுதிப் பிறருக்குக் கொடுத்த நம் முன்னோரின் பணிக்கு இதனை ஒப்பிட்டால் சிலர் சினக்கக்கூடும். சினந்தாலும் நான் ஒப்பிடவே செய்வேன். ஒன்றின்மீது அன்பு கொண்டவன், அதன் குறையைத் தன் உழைப்பால் நிறைக்கிறான். ஏட்டிலும் அதுதான், திரையிலும் அதுதான்.

அக்காலத்து ஊகங்கள் எத்தகையவை என்பதை அத்தலைமுறையினரிடம் கேட்டறியலாம். அடுத்த பதிப்பில் பந்து இன்னும் இயல்பாகத் துள்ளுமா? மழையில் திடல் சேறாகுமா? நடுவர் கண்ணை ஏமாற்ற முடியுமா? எல்லாம் ஆட்டத்தைப் பற்றியவை.

2009-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு மாற்றம் வந்தது. ‘ஃபிஃபா 09’ ஆட்டத்தோடு ‘அல்டிமேட் டீம்’ என்னும் புதிய பகுதி சேர்க்கப்பட்டது. அதன் அமைப்பு இதுதான். ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஓர் அட்டை. அட்டைகளைச் சேர்த்து நீங்கள் உங்கள் அணியைக் கட்ட வேண்டும். அட்டைகள் ‘பேக்’ என்னும் மூடிய பொட்டலங்களில் வரும். உள்ளே யார் இருக்கிறார் என்பது திறக்கும்வரை தெரியாது. ஆடி ஈட்டிய நாணயங்களைக் கொண்டும் பொட்டலம் வாங்கலாம். உண்மைப் பணத்தைப் புள்ளிகளாக மாற்றியும் வாங்கலாம்.

இதனை நம்மவர்க்கு விளக்கப் பெரிய சொற்கள் வேண்டா. ‘தீக்காம் தீக்காம்’ என்றால் போதும். பள்ளிக்கூட வாயிலிலும் தோட்டத்து மளிகைக் கடையிலும் ஓர் அட்டை தொங்கும். அதில் வரிசை வரிசையாக மடித்து ஒட்டிய சீட்டுகள். ஐந்து காசோ பத்துக் காசோ கொடுத்து ஒன்றைக் கிழித்தால் எண் இருக்கும். எண்ணுக்கு ஒரு மிட்டாய், ஒரு பலூன், எப்போதாவது ஒரு பொம்மைத் துப்பாக்கி. பெரிய பரிசு மட்டும் மேலே, எல்லார் கண்ணிலும் படும்படி தொங்கிக்கொண்டே இருக்கும். தீக்காம் அட்டைக்கு ஒரு நாணயம் உண்டு: சீட்டுகள் எண்ணி ஒட்டப்பட்டவை. கடைசிச் சீட்டுவரை கிழித்தால் பெரிய பரிசு யாருக்கேனும் வந்தே தீரும். திரையில் தொங்கும் அட்டைக்குக் கடைசிச் சீட்டே இல்லை.

இன்னொன்று இதனினும் முக்கியம். அந்தச் சிறுவன் பெற்ற பலூன், வெடிக்கும்வரை அவனுடையது. அல்டிமேட் டீமில் சேர்த்த அணியோ அடுத்த செப்டம்பரில் புதிய பதிப்பு வந்ததும் புதிய ஆட்டத்துக்குள் வருவதில்லை. ஓராண்டு முழுவதும் ஆடியும் வாங்கியும் சேர்த்த அணி பழைய பதிப்பிலேயே நின்றுவிடும். நண்பர்களோ புதிய பதிப்புக்குப் போய்விட்டிருப்பர். “சார், போன வருசத்து டீம் இந்த வருசம் செல்லாது. மறுபடியும் முதல்ல இருந்து,” என்று ஒரு மாணவன் எனக்கு விளக்கினான். அவன் குரலில் கோபம் இல்லை. மழைக்காலம் வரும் என்று சொல்பவனைப் போல் சொன்னான். எனக்குத்தான் அது பொறுக்கவில்லை.

இவ்வமைப்பு ஈட்டித் தரும் தொகை எவ்வளவு என்பதை அந்நிறுவனத்தின் ஆண்டறிக்கையே காட்டும். 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில், காற்பந்து முதலான விளையாட்டுகளின் அல்டிமேட் டீம் பகுதிகள் மட்டும் 1.62 பில்லியன் அமெரிக்க டாலர் கொண்டுவந்தன. நிறுவனத்தின் மொத்த வருவாயில் அது 29 விழுக்காடு. ஆட்டத்தை விற்றது தனி வருவாய். இது ஆட்டத்துக்குள் வைத்த உண்டியலில் விழுந்தது.

உண்டியல் வைத்த பின்னர் ஊகத்தின் தன்மையே மாறிவிட்டது என்பதுதான் நான் சொல்ல விரும்புவது. மோட்டார் சைக்கிள்களின் அருகில் இன்று கேட்கும் கேள்விகளைக் கவனித்துப் பாருங்கள். இந்த ஆண்டு எந்த வாரத்தில் சிறப்பு அட்டைகள் வரும்? இப்போது வாங்கலாமா, விலை குறையும் வரை பொறுக்கலாமா? புதிய தரவரிசையில் இவருக்கு எத்தனை புள்ளி? எந்தப் பகுதியைப் பூட்டி வைத்துக் காசு கேட்பார்கள்? பந்து எப்படித் துள்ளும் என்று கேட்ட தலைமுறையின் பிள்ளைகள், பணம் எப்படிப் போகும் என்று கேட்கின்றனர். தேநீர்க் கடையில் அன்னாசி விலையைப் பேசும் பெரியவர்களுக்கும் இவர்களுக்கும் வேற்றுமை இல்லாமற் போயிற்று. ஒன்று மட்டும் வேறு: பெரியவர்கள் விற்பவர்கள், இவர்கள் வாங்குபவர்கள்.

கட்டாயம் இல்லையே, காசு கொடுக்காமலும் ஆடலாமே என்று நிறுவனத்தார் கூறுகின்றனர். உண்மைதான். இங்கிருந்து சிங்கப்பூருக்கு நடந்தும் போகலாம்.

அரசுகள் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல், காசு கொடுத்து வாங்கும் இத்தகைய மூடிய பொட்டலங்கள் சூதாட்டச் சட்டத்துக்குள் அடங்கும் என்று கூறியது. 2019 சனவரி இறுதியில் அந்நாட்டில் புள்ளி விற்பனை நிறுத்தப்பட்டது. நெதர்லாந்தில் 10 மில்லியன் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. கீழ்மன்றம் அதனை 2020-இல் உறுதி செய்ய, 2022 மார்ச்சில் உயர் நிர்வாக மன்றம் தள்ளுபடி செய்தது. பொட்டலம் தனி ஆட்டமன்று, திறன் சார்ந்த பெரிய ஆட்டத்தின் ஒரு பகுதியே என்பது அம்மன்றத்தின் வாதம். இரண்டு அண்டை நாடுகள், ஒரே பொட்டலம், இரண்டு தீர்ப்பு! நம் நாட்டின் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டமோ 1953-ஆம் ஆண்டினது. இத்தகைய உண்டியலை அதனை எழுதியவர்கள் கனவிலும் கண்டிருக்க முடியாது.

இரசிகர்களின் குரலும் வீண் போகவில்லை. 2017 நவம்பரில் இதே நிறுவனத்தின் ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2’ வெளிவரவிருந்தபோது, அதில் வைத்திருந்த பெட்டிகளுக்கு எதிராக எழுந்த கூச்சலில், வெளியீட்டுக்கு முன்னரே உள்விற்பனையை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. காற்பந்து ஆட்டத்திலும் பொட்டலத்தில் உயர்ந்த அட்டை கிடைக்கும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்பதை 2018 முதல் அச்சிட்டுக் காட்டத் தொடங்கினார்கள். சிறந்த அட்டைகளுக்கு நேராகப் பலவேளைகளில் ‘ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு’ என்றே இருக்கும். 2021 கோடையில் சில பொட்டலங்களைத் திறந்து பார்த்துவிட்டு வாங்கும் வசதியும் வந்தது. இவையெல்லாம் தாமாகக் கனிந்தவை அல்ல. கேட்டவர்கள் இருந்ததால் கிடைத்தவை.

இனி, இன்றைய பேச்சில் மிகுதியாக அடிபடும் செய்திக்கு வருகிறேன். அனைத்துலகக் காற்பந்துக் கூட்டமைப்புக்கும் எலக்ட்ரானிக் ஆர்ட்சுக்கும் இருந்த உறவு பணத்தால் முறிந்தது. பெயரைப் பயன்படுத்தும் உரிமைக்குக் கூட்டமைப்பு, நான்காண்டுக்கு ஒரு பில்லியன் டாலருக்கு மேல் கேட்டதாக 2021-இல் செய்திகள் வந்தன. 2022 மே மாதம் பிரிவு அறிவிக்கப்பட்டது. ‘ஃபிஃபா 23’ அப்பெயரில் அந்நிறுவனம் வெளியிட்ட கடைசிப் பதிப்பு. பெயர் ஒருபுறம், ஆட்டம் மறுபுறம் என்று ஆனது. பெயரை வைத்திருந்த கூட்டமைப்பு 2024-இல் கொனாமியோடு கைகோத்து மின்விளையாட்டுப் போட்டி நடத்தியது. 2025 டிசம்பரில் நெட்ஃபிலிக்ஸ் வழியாகப் புதிய ஆட்டம் ஒன்று வரும் என்று அறிவித்தது. பெயர் மட்டும் இருந்தால் போதுமா, ஆட்டம் மட்டும் இருந்தால் போதுமா என்பது என் மாணவர்களின் பட்டிமன்றத் தலைப்பு. நடுவராக இருக்க என்னை அழைத்தார்கள், தீர்ப்பை ஒத்திவைத்திருக்கிறேன்.

அதற்குள் மேலும் ஓர் இடி. 2025 செப்டம்பர் 29-ஆம் நாள், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தையே 55 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்குவதற்கான ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. வாங்குவோர் சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியும், சில்வர் லேக், அஃபினிட்டி பார்ட்னர்ஸ் என்னும் இரு முதலீட்டு நிறுவனங்களும். அத்தொகையில் 20 பில்லியன் கடன். கடன் என்ற சொல்லைக் கேட்டதும் என் மாணவர்கள் நிமிர்ந்துவிட்டனர். அக்கடனை யார் அடைப்பார்? உண்டியலின் வாய் இன்னும் அகலுமா? ஆட்டம் இலவசமாகி, உள்ளே எல்லாவற்றுக்கும் கட்டணம் வருமா? ஆண்டுப் பதிப்பை விட்டுவிட்டு ஒரே ஆட்டத்தை என்றும் புதுப்பித்துக்கொண்டே இருப்பார்களா? அப்படியானால் சேர்த்த அணி அழியாமல் நிற்குமே என்று ஒருவன் நம்பிக்கையோடு கேட்டான்.

அந்நம்பிக்கைக்கு அருகிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. கொனாமி 2021 செப்டம்பர் 30-இல் அதைத்தான் செய்தது. பழைய பெயரை விட்டு ‘இஃபுட்பால்’ என்று ஆக்கி, இலவசமாக வெளியிட்டது. அரைகுறையாக வந்த அந்த முதல் பதிப்பை இரசிகர்கள் எள்ளி நகையாடினார்கள். உருக்குலைந்த முகங்களின் படங்கள் உலகெங்கும் உலவின. அவர்கள் உயிராக நேசித்த ‘மாஸ்டர் லீக்’ பகுதி அதில் இல்லை. பின்னர் விலைக்குத் தருவோம் என்றார்கள். ஆண்டுகள் ஓடின, காத்திருப்பே மிஞ்சியது. காசில்லாமல் கோப்புகளைப் பகிர்ந்துகொண்ட அந்தப் பழைய கூட்டம் மெல்லக் கலைந்தது. இலவசம் என்ற சொல்லைக் கண்டதும் மகிழ வேண்டா என்பதற்கு இதனைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவையும் பொருளாதாரச் செய்தியாகவே எழுதி முடித்திருக்கலாம். ஒரு தாயின் முகம் குறுக்கே நிற்கிறது. அவர் மகன் என்னிடம் படித்தவன். அவன் ஆடியது இங்கு நான் பேசிவரும் ஆட்டமன்று, கைப்பேசியில் ஆடும் வேறொன்று, எதுவென்பது வேண்டா. தாயார் விடியற்காலை நான்கு மணிக்கே பேருந்தேறி எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர். பள்ளிச் சுற்றுலாவுக்கென்று அவர் கொடுத்த பணமும், அதற்கு மேலும் சிறிதும், சிறு சிறு கட்டணங்களாகப் போயிருந்தன. என்னிடம் வந்து, “ஐயா, அவன் எதை வாங்கினான்னு எனக்குக் காட்டச் சொல்லுங்க,” என்றார். அவன் கைப்பேசியைத் திறந்து காட்டினான். ஒளிரும் உடை ஒன்றை அணிந்த வீரன் சுழன்று சுழன்று நின்றான். தாயார் நெடுநேரம் பார்த்தார். “அழகாத்தான் இருக்கு,” என்றார். பிறகு, “இதை எடுத்து வச்சுக்க முடியுமா?” என்று கேட்டார். மகன் தலை குனிந்தான். அந்த அம்மாள் திட்டவில்லை, அடிக்கவில்லை. அவன் அந்தச் சுற்றுலாவுக்குப் போகவில்லை.

‘எடுத்து வச்சுக்க முடியுமா’ என்பது படிப்பறிவு மிகுதியாக இல்லாத ஒரு பெண்மணியின் கேள்வி. சட்ட வல்லுநர்கள் நூற்றுக்கணக்கான பக்கங்களில் சுற்றிச் சுற்றி வரும் கேள்வியும் அதுதான். நாம் வாங்குவது பொருளையா, பொருளைப் பார்க்கும் உரிமையையா? வீட்டில் அன்னாசி பயிரிடும் மாணவி ஒருத்தி இதனை வகுப்பில் வேறு விதமாகச் சொன்னாள். கன்று வாங்கி நட்டால், பழம் தந்த செடியின் பக்கத்திலேயே அடுத்த கன்று முளைக்கும். மறு ஆண்டு அதனைப் பிரித்து நடலாம், மீண்டும் கடைக்குப் போக வேண்டியதில்லை என்றாள். “இவங்க விக்கிற கன்னு பழுக்கும், ஆனா குட்டி போடாது சார்.” வகுப்பு சிரித்தது. நான் அவ்வரியைக் கரும்பலகையில் எழுதி வைத்தேன்.

இவ்விளையாட்டுகளை வகுப்பறை வாயிலிலேயே நிறுத்திவிட வேண்டும் என்று கருதும் ஆசிரிய நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் கவலை எனக்கு விளங்குகிறது. அவர்கள் வழி எனக்கு உடன்பாடன்று. மூன்று நொடிக் காட்சியை வைத்துக்கொண்டு முப்பது நிமிடம் வாதிடக்கூடிய பிள்ளைக்கு, ஒரு செய்யுளின் சொல்லை வைத்துக்கொண்டு வாதிடும் ஆற்றலும் கட்டாயம் இருக்கிறது. அந்த ஆற்றலை விலைப்பட்டியலின்மீது செலவிடும்படி பிறர் பழக்கிவிட்டார்கள். ஆகவே சென்ற பருவத்தில் கட்டுரைப் பயிற்சிக்கு இப்படி ஒரு தலைப்புக் கொடுத்தேன்: ‘அடுத்த பதிப்பை நீயே ஆக்குவாயாயின்’. நிபந்தனை ஒன்றே. விலை, கட்டணம், அட்டை, பொட்டலம் ஆகிய சொற்கள் வரக்கூடாது.

முதல் பத்து நிமிடம் பலர் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தனர். பிறகு எழுதினார்கள். ஒருவன், தோட்டத்து லயத்துக்குப் பின்னால் கோல்கம்பம் இல்லாத திடலில் செருப்புகளை நட்டு ஆடும் ஆட்டத்தை எழுதினான். மழை வந்தால் பந்து சேற்றில் நின்றுவிட வேண்டும் என்று குறிப்பிட்டிருந்தான். மாணவி ஒருத்தி, திடலோரத்தில் பலகாரம் விற்கும் பாட்டி ஒவ்வோர் ஆட்டத்திலும் இருக்க வேண்டும் என்றாள். அந்த வகுப்பிலேயே மிகக் குறைவாகப் பேசும் பையன், வர்ணனை தமிழில் வேண்டும் என்று எழுதியிருந்தான். தோற்ற அணியின் கோல்காவலன் தனியாக நடந்து போவதைக் காமிரா கொஞ்ச தூரம் பின்தொடர வேண்டும் என்றும் கேட்டிருந்தான்.

பெரும்பாலோர் எழுதியிருந்த ஒரு விருப்பம் வேறு. ஜொகூர் டாருல் தக்சிம் அணி 2015-இல் ஏஎஃப்சி கிண்ணத்தை வென்றது. தென்கிழக்காசியச் சங்கம் ஒன்று அதனை வென்றது அதுவே முதன்முறை. 2014 தொடங்கி 2025 வரை மலேசிய சூப்பர் லீக்கில் வேறெவரும் வாகை சூடியதில்லை. அதன் சுல்தான் இப்ராகிம் அரங்கம் 2020-இல் திறக்கப்பட்டது. இவ்வூரிலிருந்து மோட்டார் சைக்கிளிலேயே போய்வரும் தொலைவு. அவ்வளவு அருகில் ஒளிரும் விளக்குகளைத் தம் திரைக்குள் காணவேண்டும் என்பது இப்பிள்ளைகளின் ஆசை. 1990-களில் இருந்த மலேசிய லீக் மீண்டும் வருமா என்று ஒவ்வொரு செப்டம்பரும் பட்டியலைத் தேடிப் பார்க்கிறார்கள். ‘எஃப்சி 26’ பட்டியலிலும் தேடினார்கள், இல்லை. அடுத்த ஆண்டுக்கான கசிவுகளை இப்போதே சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். எந்தக் கசிவிலாவது ‘மலேசியா’ என்ற சொல் வந்தால், நேரம் எதுவானாலும் எனக்குத் தெரிவிக்கும்படி சொல்லி வைத்திருக்கிறேன்.